பழைய ட்ரெய்லர்ல வந்த ப்ரொப்பேன் டேங்க் ரெண்டையும் நிரப்ப மாட்டேங்கறாங்க, மாத்தித்தான் ஆகணுமா?

சாலைப்பிரியன்:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க ஓஹையோல இருக்கோம், போன மாசம் 1999 மாடல் ட்ராவல் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கினோம். பழசுதான், ஆனா கூரை ஒழுகல, தரையும் மெத்துனு அமுங்காம கெட்டியா இருக்கு, அதனால தைரியமா எடுத்துட்டோம். மூக்குப் பக்கம் ரெண்டு ப்ரொப்பேன் டேங்க் இருக்கு, ஒண்ணு உசரம், இன்னொண்ணு குட்டை. குட்டையா இருக்கறத பழைய ஓனர் கயிறு போட்டு கட்டி வெச்சிருக்காரு.

நேத்து ரெண்டையும் கழட்டி ஒரு ஹார்ட்வேர் கடைக்கு கொண்டு போனேன், நிரப்பறவர் மேல இருக்கற வளையத்த பாத்துட்டு ரெண்டுமே முடியாதுன்னுட்டாரு. ஒண்ணுக்கு டேட் முடிஞ்சிருச்சாம், இன்னொண்ணுக்கு டேட் மட்டும் இல்ல வால்வே ஆகாதாம். பின்னாடி ஆளுங்க நின்னுட்டு இருந்ததால மேல கேக்க முடியல. பழைய ஓனர்கிட்ட கேட்டா "நான் எப்பவும் நிரப்பிட்டுதானே இருந்தேன்"னு சொல்றாரு.

வளையத்துல அடிச்சிருக்கறத அப்படியே எழுதறேன். உசரமானதுல டபிள்யூசி 71.5, டிடபிள்யூ 25, 6-98, வால்வ திறக்கற திருகு வட்டமா இருக்கு. குட்டையானதுல டபிள்யூசி 47.7, டிடபிள்யூ 17, 04-09, திருகு முக்கோணம். உசரமானதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கேஸ் இருக்கு, ஆட்டினா தளும்புது.

இலையுதிர் காலத்துல பசங்களோட போறதா ப்ளான், ராத்திரி ஹீட்டர் போடாம முடியாது. பசங்க தூங்கற வண்டில 25 வருஷத்து கேஸ் சாமானான்னு வீட்ல ரொம்ப பயப்படறாங்க, எனக்கும் அந்த பயம் நியாயமாத்தான் படுது. ரெண்டையும் தூக்கிப் போட்டு புதுசு வாங்கணுமா, இல்ல டெஸ்ட் பண்ணி டேட் நீட்டிக்கலாமா? கடை வாசல்ல கூண்டுல வெச்சு எக்ஸ்சேஞ்ச் பண்றாங்களே, அங்க இத வாங்கிப்பாங்களா?


மிச்சிகன் மாமா:

தம்பி, அந்த கடைக்காரர் சரியாத்தான் சொல்லிருக்காரு. நீங்க எழுதின நம்பரே எல்லாத்தையும் சொல்லுது.

டபிள்யூசின்னா அந்த டேங்க் எவ்வளவு தண்ணி கொள்ளும்ங்கறது, பவுண்டு கணக்குல. அத 0.42 ஆல பெருக்கினா எத்தன பவுண்டு ப்ரொப்பேன் போடலாம்னு வந்துரும். 71.5 க்கு 30 வருது, அது 30 பவுண்டு டேங்க். 47.7 க்கு 20 வருது, பார்பெக்யூ அடுப்புக்கு வெக்கற அதே 20 பவுண்டு டேங்க். டிடபிள்யூ காலி டேங்கோட எடை. பாத்ரூம் ஸ்கேல்ல டேங்க வெச்சு இந்த எடைய கழிச்சீங்கன்னா உள்ள எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சுரும், இதுக்குன்னு மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது மாசமும் வருஷமும், அது தயாரிச்ச தேதி. நம்ம ஊர்ல, அதாவது அமெரிக்கால, இந்த மாதிரி தூக்கிட்டுப் போற டிஓடி (போக்குவரத்துத் துறை) சிலிண்டருக்கு தயாரிச்சதுலேர்ந்து 12 வருஷம். அதுக்கப்புறம் பரிசோதிச்சு புது தேதி அடிக்காம யாரும் நிரப்பக்கூடாது, ஃபெடரல் ரூலே அப்படித்தான். கனடாவுல 10 வருஷம். உங்க குட்டை டேங்க் ஏப்ரல் 2009, அப்போ ஏப்ரல் 2021 ஓட முடிஞ்சுது. ஒரு விஷயம், தேதிக்கு முன்னாடி நிரப்பின கேஸ தேதி தாண்டினாலும் தீர்ற வரைக்கும் எரிக்கலாம், மறுபடி நிரப்பறதுதான் கூடாது.

உசரமானதுக்கு பிரச்சினை வேற. வட்ட திருகுன்னா உள்ள ஓபிடி இல்லன்னு அர்த்தம். 80 சதவீதம் நிரம்பினதும் ஒரு மிதவை மேல வந்து வழிய அடைக்கும், அதுதான் ஓபிடி. மேல 20 சதவீதம் காலியா விட்டாத்தான் வெயில்ல திரவம் விரியறதுக்கு இடம் இருக்கும். 1998 செப்டம்பருக்கு அப்புறம் தயாரிச்ச 4 லேர்ந்து 40 பவுண்டு வரைக்குமான டேங்குல இது கட்டாயம், இது இல்லாத டேங்க 2002 ஏப்ரல்லேர்ந்து நிரப்பவே கூடாதுன்னு ஆயிருச்சு. உங்களோடது ஜூன் 98, அந்த ரூலுக்கு சில மாசம் முன்னாடி வந்தது. படுக்க வெச்சு மாட்டற பழைய டேங்குக்கு மட்டும் விலக்கு உண்டு, உங்களோடது நிக்கற டேங்க், அதனால அது பொருந்தாது. வால்வ மாத்தி தேதியும் வாங்கலாம்தான், ஆனா அதுக்கு ஆகற செலவுக்கு புதுசே வந்துரும். அதுக்கு ஓய்வு குடுத்துருங்க.


கொங்கு ட்ரெய்லர்:

குட்டை டேங்குக்கு காசே வீணாக்காதீங்க ப்ரோ. நேரா எக்ஸ்சேஞ்ச் கூண்டுக்கு போங்க. ப்ளூ ரைனோ, அமெரிகேஸ் மாதிரி ஆளுங்க தேதி முடிஞ்ச 20 பவுண்டு டேங்க வாங்கிப்பாங்க, தேதி உள்ளதா நிரப்பினதா ஒண்ணு குடுப்பாங்க. கேஸ் காசுதான் ஆகும், டேங்க் காசு மிச்சம். ஆனா 30 பவுண்ட அங்க எடுக்க மாட்டாங்க, கூண்டுல எல்லாமே 20 தான்.

ரெண்டு விஷயம் பாத்து எடுங்க. குடுக்கற டேங்கோட வளையத்துல தேதிய படிங்க, அவசரப்படாதீங்க, பழச பரிசோதிச்சு பெயிண்ட் அடிச்சும் குடுப்பாங்க, அதுல பரிசோதிச்ச மாசம் வருஷம் பக்கத்துல "ஈ" (E)ன்னு இங்கிலீஷ் எழுத்து இருந்தா அதுலேர்ந்து 5 வருஷம்தான் கணக்கு. கிட்ட முடியப் போறதா இருந்தா வேற குடுங்கன்னு கேளுங்க, தருவாங்க. அப்புறம் வால்வோட பித்தளை நீலப்பச்சையா நிறம் மாறி இருந்தா அத தொடவே தொடாதீங்க. யாரோ அதுல அம்மோனியா அடைச்சு வெச்சிருந்தா அப்படி ஆகும், பித்தளைய உள்ளுக்குள்ள விரிசல் விட வெச்சுரும், திறக்கறப்போ வால்வே பிச்சுக்கலாம்.

எக்ஸ்சேஞ்ச்ல வர்றதுல பெரும்பாலும் 15 பவுண்டுதான் போட்டிருப்பாங்க, 20 இல்ல. அதனால ஒரே ஒரு தடவ தேதிக்காக மாத்திக்கங்க, அதுக்கப்புறம் காலன் கணக்குல நிரப்பற இடத்துல போய் நிரப்பிக்கங்க. காலி டேங்குல 4.7 காலன் போகும், காசுக்கு கேஸ் கூட வரும்.


வேகநடை:

எதுக்கு இவ்ளோ பெரிய கதை? டவுனுக்கு வெளில சின்ன இடத்துல போய் குடுங்க, தேதியெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. ஒரு ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா பளிச்சுனு இருக்கும். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க.


நீலச்சுடர்:

வேகநடை, கோவிச்சுக்காதீங்க, ஆனா இத படிச்சிட்டு சும்மா போக மனசு வரல. நான் வருஷக்கணக்கா ப்ரொப்பேன் நிரப்பற வேலைதான் பாக்கறேன். துரு மேல பெயிண்ட் அடிச்சு கொண்டு வர்ற டேங்க எங்களுக்கு பாத்ததும் தெரியும். அடிப்பாகத்துல இருக்கற வளையத்த தலைகீழா கவுத்து பாப்போம், ஏன்னா தண்ணி தேங்கி துரு பிடிக்கறது அங்கதான். பெயிண்ட் மேல நகத்தால கீறினா பாளம் பாளமா வரும், அதுக்கு அடியில குழி குழியா இரும்பு அரிச்சிருக்கும். மேலாக்க லேசா செவந்திருந்தா பரவால்ல, வயர் ப்ரஷ் போட்டு தேச்சு வெள்ளையோ சாம்பலோ ஏதாவது வெளிர் நிறத்துல அடிக்கலாம். வளையத்துல இருக்கற எழுத்து மேலயும் வால்வ் மேலயும் மட்டும் பெயிண்ட் படக்கூடாது. குழி விழுந்தது, நசுங்கினது, நெருப்புல பட்டு கருகினது எதுவும் பெயிண்ட்ல சரியாகாது.

ஓபிடி இல்லாத டேங்க கவனமில்லாம நிரப்பறதுதான் இன்னும் மோசம். நாங்க நிரப்பறப்போ பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூவ லூஸ் பண்ணி வெப்போம், 80 சதவீதம் வந்ததும் அதுலேர்ந்து வெள்ளையா திரவம் தெறிக்கும், உடனே நிறுத்திருவோம். தேதி பாக்காத ஆளு அந்த ஸ்க்ரூவையும் பாக்க மாட்டான். முழுசா ரொம்பின டேங்க் வெயில்ல நின்னா சேஃப்டி வால்வ் திறந்து கேஸ பீச்சி அடிக்கும், அது நிக்கறது உங்க பசங்க படுத்திருக்கற சுவத்துக்கு அந்தப் பக்கம்.

சாலைப்பிரியன், உங்க மத்த கேள்விக்கு வர்றேன். டெஸ்ட் பண்ணி தேதி நீட்டிக்கலாம், ஹார்ட்வேர் கடைல இல்ல, வீட்டுக்கு லாரில ப்ரொப்பேன் சப்ளை பண்ற பெரிய டீலர்ங்ககிட்ட கேளுங்க. அனுமதி நம்பர் வாங்கின ஆளுதான் பண்ண முடியும், மாசத்துக்கும் வருஷத்துக்கும் நடுவுல அந்த நம்பர் வரும். கண்ணால பாத்து பரிசோதிக்கற வகைதான் கேம்பர் டேங்குக்கு அதிகம் பண்றது, அதுக்குத்தான் மேல சொன்ன 5 வருஷம். நல்ல நிலைல இருக்கற 30, 40 பவுண்டு டேங்குக்கு, அதுலயும் அலுமினியமா இருந்தா, இது கண்டிப்பா லாபம். 20 பவுண்டுக்கு எக்ஸ்சேஞ்சே மலிவு.

புது டேங்க் வாங்கினீங்கன்னா மொதல் தடவ நிரப்பறப்போ "புது டேங்க், இன்னும் காத்து எடுக்கல"ன்னு சொல்லுங்க. சிலது ஃபேக்டரிலயே காத்த உறிஞ்சிட்டு வருது, ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க. அப்படி இல்லன்னா நாங்க கொஞ்சம் கேஸ் விட்டு காத்த வெளியேத்திட்டுத்தான் நிரப்புவோம். அத விட்டுட்டா அடுப்பு பத்தாது, அழுத்தமும் தாறுமாறா ஏறும். காலி டேங்குக்கும் வால்வ எப்பவும் மூடியே வைங்க. திறந்து கிடந்தா ஈரக்காத்து உள்ள போய் துரு பிடிக்கும், அந்த துரு கேஸோட நாத்தத்தையே தின்னுரும். ப்ரொப்பேனுக்கு சொந்தமா வாசனை கிடையாது, லீக் ஆனா தெரியணும்னுதான் மெர்காப்டன் கலக்கறாங்க, அது போயிட்டா மூக்கால கண்டுபிடிக்க முடியாது.

மிச்சம் கேஸ் இருக்கற அந்த 30 பவுண்ட குப்பைலயும் பழைய இரும்புக் கடைலயும் போட்டுராதீங்க, திறந்தும் விடாதீங்க. அப்படியே டீலர்கிட்ட கொண்டு போங்க, உள்ள கேஸ் இருக்குன்னு சொல்லி குடுங்க. கார்ல கொண்டு போறப்போ நிமித்தி வெச்சு கட்டணும், கண்ணாடிய இறக்கி விடணும். படுக்க வெச்சா சேஃப்டி வால்வ் பக்கம் திரவம் வந்துரும்.


சாலைப்பிரியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரே நாள்ல இவ்ளோ தெளிவு கிடைக்கும்னு நினைக்கல. 30 பவுண்ட டீலர்கிட்ட குடுத்துடறேன். அப்போ ரெண்டு 20 போடறதா ரெண்டு 30 போடறதா? ஒண்ணு 30 ஒண்ணு 20ன்னு இப்ப இருக்கற மாதிரியே வெச்சுக்கலாமா? இன்னொண்ணு, டேங்குலேர்ந்து நடுவுல இருக்கற ரெகுலேட்டருக்கு போற ரப்பர் ஹோஸ் மடிச்சா வெடிப்பு தெரியுது, அந்த ரெகுலேட்டரும் வண்டியோட வந்ததுதான் போல. டேங்க் மாத்தினா போதுமா?


மிச்சிகன் மாமா:

போதாது தம்பி. எல்லாரும் டேங்கோட தேதிய பாத்துட்டு நின்னுடறாங்க, ஏன்னா கடைக்காரர் அத மட்டும்தான் பாக்கறாரு. ஹோஸுக்கும் ரெகுலேட்டருக்கும் வாசல்ல நின்னு யாரும் தடுக்க மாட்டாங்க, நாமளேதான் பாக்கணும். வெடிப்பு தெரியற ஹோஸ்ல ஒரு நாள் கூட ஓட்டாதீங்க.

உங்க பழைய 30 ல மாட்டிருக்கற ஹோஸ் அனேகமா பித்தளை நட்டு உள்ள போய் திருகற வகை, பிஓஎல்னு சொல்வாங்க. அதுல மரை எதிர்ப்பக்கம், இறுக்கறதுக்கு இடது பக்கம் சுத்தணும், ஸ்பேனர் வேற வேணும். புது டேங்குலயும் அது மாட்டும், ஆனா மாட்டாதீங்க. வெளில பெரிய பிளாஸ்டிக் நட்டு வெச்ச புது வகை ஹோஸா ரெண்டு வாங்குங்க. கையாலயே இறுக்கலாம். ஹோஸ் முழுசா பொருந்தற வரைக்கும் வால்வ திறந்தாலும் கேஸ் வராது, பக்கத்துல தீ பிடிச்சு சூடேறினா நட்டு இளகி வழிய அடைச்சுரும், ஹோஸ் அறுந்துட்டா கேஸோட வேகத்த குறைச்சுரும். இந்த கடைசி விஷயத்தால ஒரு பழக்கம் வேணும், டேங்க மெதுவா திறங்க. வெடுக்குனு திறந்தா ஹோஸ் அறுந்துருச்சுன்னு நினைச்சு அது கேஸ பிடிச்சு வெச்சுக்கும், கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ் பத்திக்காது, ரெகுலேட்டர் போச்சுன்னு நினைச்சு நீங்க அலைவீங்க. அப்படி ஆனா மூடிட்டு கொஞ்சம் பொறுத்து மெதுவா திறந்தா சரியாயிரும்.

ரெகுலேட்டருக்கு 10 லேர்ந்து 15 வருஷம்தான் ஆயுள்னு வெச்சுக்கங்க. உள்ள ரப்பர் சவ்வு இருக்கு, அது விறைச்சுப் போகும். உள்ள இருக்கற அடுப்பு, ஹீட்டருக்கு போற அழுத்தம் 11 இன்ச் வாட்டர் காலம் (தண்ணி நிக்கற உசரத்த வெச்சு சொல்ற அளவு), சுமாரா 0.4 பிஎஸ்ஐ, ரொம்ப கம்மி, அதனால கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தெரியும். அடுப்ப ரெண்டு பர்னர் எரிய விட்டு ஹீட்டர போடுங்க, ஜ்வாலை சட்டுனு படுத்துட்டா ரெகுலேட்டர் தாங்கலன்னு அர்த்தம். வாங்கறப்போ ரெண்டு டேங்குக்கும் தானா மாறிக்கற டூ ஸ்டேஜ் (அழுத்தத்த ரெண்டு படியா குறைக்கற) ரெகுலேட்டர் வாங்குங்க, மொத டேங்க் தீர்ந்ததும் சிவப்பு காட்டும், ராத்திரி குளிர்ல எழுந்து போய் மாத்த வேண்டாம். மாட்டறப்போ அதோட காத்து ஓட்டை கீழ பாத்து இருக்கணும், மேல மூடி இருக்கணும், மழைத்தண்ணி போய் உறைஞ்சா அழுத்தம் கெட்டுப் போகும்.

எல்லாம் மாட்டினதும் சோப்பு நுரை போட்டு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்க. அம்மோனியா கலந்த க்ளீனர் வேண்டாம், மேல சொன்ன அதே பித்தளை விஷயம். நுரை தெரியாத அளவு சின்ன லீக் உள்ள குழாய்ல இருக்கலாம், அதனால 25 வருஷத்து வண்டிக்கு ஒரு தடவ கேம்பர் மெக்கானிக்க கூப்பிட்டு மானோமீட்டர்ங்கற அழுத்தம் அளக்கற கருவி வெச்சு லீக் டெஸ்ட் பண்ணிருங்க. கேஸ மூடிட்டு அழுத்தம் இறங்குதான்னு பாப்பாங்க, சீக்கிரம் முடிஞ்சுரும்.

உள்ள தரைகிட்ட ஒரு கேஸ் அலாரம் இருக்கும், ப்ரொப்பேன் காத்த விட கனம், கீழதான் தேங்கும், அதான் அங்க வெச்சிருக்காங்க. அத கழட்டி பின்னாடி தேதி பாருங்க. பெரும்பாலும் 5 லேர்ந்து 7 வருஷம்தான் அதுக்கு. பட்டன் அமுக்கினா கத்துதுங்கறத நம்பாதீங்க, அது பஸ்ஸர் வேலை செய்யுதுன்னுதான் சொல்லுது, சென்சார பத்தி ஒண்ணும் சொல்லாது. கார்பன் மோனாக்சைடு அலாரமும் புதுசா போடுங்க. வீட்ல பயப்படறாங்கன்னீங்களே, இந்த ரெண்டு அலாரமும் பயணத்துக்கு முன்னாடியே மாட்டிருங்க, பட்ஜெட் இடிச்சா வேற எதையாவது தள்ளிப் போடுங்க.


கொங்கு ட்ரெய்லர்:

20 ஆ 30 ஆங்கறதுக்கு என் கணக்கு: ஒரு காலன் ப்ரொப்பேன்ல சுமார் 91,500 பிடியு (வெப்பத்த அளக்கற அலகு). 20 பவுண்டுல 4.7 காலன், மொத்தம் 4,30,000 பிடியு. உங்க ஹீட்டர் மணிக்கு 30,000 பிடியு வகையா இருந்தா விடாம எரிஞ்சா 14 மணி நேரம் வரும். விடாம எரியாது, அணைஞ்சு அணைஞ்சுதான் எரியும், அதனால ரெண்டு 20 இருந்தா சனி ஞாயிறு பயணத்துக்கு தாராளம். வாரக்கணக்கா குளிர்ல தங்கறதா இருந்தா 30 போடுங்க, விடாம எரிஞ்சா ஒண்ணுக்கு 21 மணி நேரம்.

ஆனா ரொம்பின 30 பவுண்டு டேங்க் சுமார் 55 பவுண்டு எடை, தூக்கி அந்த ட்ரேல வெக்கறப்போ இடுப்பு பிடிச்சுக்கும். 20 ரொம்பினாலும் 37, 38 தான். 20 க்கு வழில எந்த ஊர்லயும் எக்ஸ்சேஞ்ச் கிடைக்கும்ங்கறது பெரிய வசதி. உங்க நிலைமைல நான் ரெண்டு 20 தான் போடுவேன். ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னு மட்டும் வைக்காதீங்க. மேல குறுக்கா இருக்கற பட்டை ரெண்டையும் ஒரே உசரத்துல அமுக்கிப் பிடிக்கறதுக்குன்னு செஞ்சது, அதனாலதான் பழைய ஓனர் கயிறு கட்டிருக்காரு. பிரேக் போட்டா கயிறு நிக்காது.


வெள்ளிமீன்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணா. எங்களோடது மோட்டார்ஹோம், டேங்க் அடியில வண்டியோடவே ஃபிக்ஸ் பண்ணிருக்கு, கழட்ட முடியாது. அதுக்கும் இந்த 12 வருஷமா?


நீலச்சுடர்:

இல்லம்மா. அது ஏஎஸ்எம்ஈ டேங்க், வண்டியோட நிரந்தரமா பொருத்தினது. அதுக்கு இந்த 12 வருஷ தேதி ரூல் கிடையாது, தகடுல விவரம் படிக்கற மாதிரி இருக்கணும், துரு குழி விழுந்திருக்கக் கூடாது. ரோட்ல உப்பு போடற ஊர்ல ஓட்டிருந்தா அடியில படுத்து டேங்கயும் அத பிடிச்சிருக்கற ப்ராக்கெட்டையும் நல்லா பாருங்க. ஹோஸ், ரெகுலேட்டர், அலாரம் பத்தி மாமா சொன்னது எல்லாம் உங்களுக்கும்தான். நிரப்பறப்போ வண்டிக்குள்ள யாரும் இருக்கக்கூடாது, எஞ்சின், ஃப்ரிட்ஜ், பைலட் (எப்பவும் எரியற குட்டி ஜ்வாலை) எல்லாம் அணைச்சிருக்கணும்.


பாதை அக்கா:

எல்லாரும் டேங்க பத்தி சொல்லிட்டீங்க, நான் போற வழிய பத்தி சொல்றேன். சாலைப்பிரியன் தம்பி, கிழக்கு பக்கம் வந்தீங்கன்னா பால்டிமோர்ல ஹார்பர் டனல், ஃபோர்ட் மக்ஹென்ரி டனல் ரெண்டுலயும் 10 பவுண்டுக்கு மேல கொள்ளற ப்ரொப்பேன் டேங்கோட போகக் கூடாது. முன்னாடி எல்லாரும் கீ பாலம் வழியா சுத்திப் போவாங்க, 2024 மார்ச்ல கப்பல் இடிச்சு அது விழுந்ததுலேர்ந்து ஊர சுத்திப் போற 695 நெடுஞ்சாலைல மேற்கு பக்கமா சுத்தித்தான் போகணும். போன்ல வழி காட்டறது இத சொல்லாது, டனல் வாசல்ல வந்து நின்னா ட்ரெய்லரோட திரும்பறது பெரும் பாடு. வேற டனல், பாலம் இருந்தாலும் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மாநிலத்து ரூல பாத்துருங்க. பெட்ரோல் போட நிக்கறப்போ ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடிட்டு இருக்கக்கூடாது, அதோட ஜ்வாலை வெளிப்பக்க ஜன்னலுக்கு பின்னாடிதான் எரியுது. நாங்க வண்டி நகர்றதுக்கு முன்னாடியே ரெண்டு டேங்கையும் மூடிருவோம், ஃப்ரிட்ஜ மூடியே வெச்சா மத்தியானம் வரைக்கும் குளிர் நிக்கும்.


சாலைப்பிரியன்:

அக்கா, இது எங்களுக்கு சுத்தமா தெரியாது, தோழி ஒருத்தங்கள பாக்க அந்த வழியாத்தான் போறதா இருந்தோம். ரொம்ப நன்றி.

இன்னிக்கு குட்டை டேங்க எக்ஸ்சேஞ்ச்ல மாத்திட்டேன், மொதல்ல குடுத்ததுல ஈ போட்ட தேதி முடியப் போறதா இருந்துது, வேற கேட்டேன், முகம் சுளிக்காம குடுத்தாங்க. இன்னொரு 20 புதுசா ஆர்டர் போட்டுட்டேன், ரெண்டு ஹோஸ், ரெகுலேட்டர், ரெண்டு அலாரம் எல்லாம் சேத்து. பழைய கேஸ் அலாரத்த கழட்டி பாத்தா பின்னாடி 1998ன்னு இருக்கு, பட்டன் அமுக்கினா இன்னும் நல்லா கத்துது. வீட்ல அத பாத்துட்டு மெக்கானிக்குக்கு அவங்களே போன் பண்ணி லீக் டெஸ்டுக்கு நாள் வாங்கிட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம், அந்த குறுக்குப் பட்டை 30 பவுண்டு உசரத்துக்கு இருக்கு, 20 வெச்சா மேல இடைவெளி விழுது. நடுவுல இருக்கற கம்பிய வெட்டலாமா?


கொங்கு ட்ரெய்லர்:

வெட்டாதீங்க. அந்த கம்பி கீழ திருகித்தான் நிக்குது, 20 பவுண்டுக்குன்னு குட்டை கம்பி தனியா விக்கறாங்க, கேம்பர் பாகங்கள் கடைல கேளுங்க. நாளைக்கு 30 போடணும்னு தோணினா பழைய கம்பி வேணும், பத்திரமா எடுத்து வைங்க. மேல இருக்கற விங் நட்ட இறுக்கினதும் டேங்க ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, துளி கூட அசையக் கூடாது.